மாத்திரையைக் குறைத்தால் அம்மாவைக் கைவிட்டதாக அர்த்தமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு வயது 74. மார்பகப் புற்றுநோய் எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோ வேண்டாம் என்று முடிவாகி, கடைசிக் கட்ட நோயாளிகளைக் கவனிக்கும் ஹாஸ்பிஸ் குழு வீட்டுக்கு வந்து பார்க்கிறது. தினமும் 14 மாத்திரை, பட்டியலையும் அனுப்பியிருக்கிறீர்கள். போன வாரம் வந்த டாக்டர் கொலஸ்ட்ரால் மாத்திரை, ஆஸ்பிரின், வாரம் ஒருமுறை போடும் எலும்பு மாத்திரை, மல்டிவைட்டமின் நான்கையும் நிறுத்திவிடலாம், பிரஷர் மாத்திரையான அம்லோடிபினைப் பாதியாக்கலாம் என்றார். அன்றைக்கு அம்மா சாப்பிடவே இல்லை. “இத்தனை வருஷம் போடு போடுன்னாங்க, இப்ப வேணாம்னா என்ன அர்த்தம்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நிறுத்துவதில் ஆபத்து உண்டா என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில், நோய் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. மாத்திரை விஷயம் அதைவிடச் சுலபம் என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

நான் மருந்தாளர். திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி டர்பன் வந்து 22 வருஷம் ஆகிறது. பாதிக் காலம் அரசு மருத்துவமனை மருந்தகம், அப்புறம் வீடு வீடாகப் போகும் ஹாஸ்பிஸ் குழுக்களோடு வேலை. டாக்டர் இல்லை, உங்கள் அம்மாவைப் பார்த்ததும் இல்லை. அதனால் எந்த மாத்திரை, எவ்வளவு, என்றைக்கு என்பதை முடிவு செய்ய வேண்டியது அவரைப் பார்க்கும் குழுதான். அவர்கள் சொன்னதற்குப் பின்னால் என்ன கணக்கு இருக்கிறது என்பதை மட்டும் நான் விளக்க முடியும்.

வலி, குமட்டல், மூச்சுத்திணறல் போன்றவற்றுக்கான மருந்தின் பலன் இன்றைக்கே தெரியும். கொலஸ்ட்ரால் மாத்திரை அப்படியில்லை, அது வருங்காலத்துக்கான முதலீடு மாதிரி. இதய நோய் வராத 50 முதல் 75 வயதுக்காரர்கள் 100 பேர் ஸ்டாடின் என்ற இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சாப்பிட்டால், அதில் ஒருவருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஒன்றைத் தடுக்கவே சுமார் இரண்டரை வருஷம் ஆகிறது என்று பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2021இல் வந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. எலும்பு மாத்திரையான அலென்ட்ரோனேட் போன்றவற்றுக்கும் சுமார் ஒரு வருஷம் வேண்டும். அது எலும்பிலேயே தங்கி, நிறுத்திய பிறகும் நெடுநாள் வேலை செய்வது வேறு. தவிர, அதைப் போட்டுவிட்டு வெறும் தண்ணீரோடு அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும். முதுகெலும்பில் வலியோடு இருக்கும் ஒருவரை வாராவாரம் அப்படி உட்கார வைப்பது எதற்கு?

ஸ்டாடினை நிறுத்திப் பார்த்தே ஒரு சோதனை நடந்திருக்கிறது. 2015இல் அமெரிக்காவில் வெளியானது. ஒரு மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆயுள் என்று மதிப்பிடப்பட்ட 381 பேர், ஏறக்குறைய பாதிப் பேர் புற்றுநோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு நிறுத்தினார்கள், மீதிப் பேருக்குத் தொடர்ந்தார்கள். இரண்டு மாதத்துக்குள் இறந்தவர்கள் நிறுத்தியவர்களில் 23.8 சதவீதம், தொடர்ந்தவர்களில் 20.3 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும், தெரியும். ஆனால் அந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய அளவுதான். மாரடைப்பு போன்றவை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. வாழ்க்கைத் தரம் நிறுத்தியவர்களுக்குக் கொஞ்சம் நன்றாகவே இருந்தது. ஒன்றையும் மறைக்காமல் சொல்வதென்றால், ‘நிறுத்தினால் துளியும் கெடுதல் இல்லை’ என்று அந்தச் சோதனை முத்திரை குத்திவிடவில்லை. அதற்கு இன்னும் நிறையப் பேர் வேண்டியிருந்திருக்கும். பெரிய ஆபத்து எதுவும் தெரியவில்லை, நிறுத்தியவர்கள் கொஞ்சம் சுகமாக இருந்தார்கள் என்ற அளவில் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பிரினில் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அம்மாவுக்கு எப்போதாவது மாரடைப்போ, இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டோ, பக்கவாதமோ உண்டா? அது குழுவுக்குத் தெரியுமா? அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர் என்றால் பேச்சே வேறு. இல்லையென்றால், நோய் கல்லீரலுக்குப் போய், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிடுபவருக்கு ஆஸ்பிரின் தருவது நன்மையைவிட வயிற்றில் ரத்தக் கசிவைத்தான். அம்லோடிபினைப் பாதியாக்குவதும் சரியாகவே படுகிறது. உடம்பு மெலிந்து சாப்பாடு குறையும்போது பிரஷர் தானாக இறங்கும். பழைய அளவே தொடர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். நோய் பிடித்த எலும்போடு பாத்ரூமில் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சில மருந்துகளில் மட்டும் நீங்களாகக் கை வைத்துவிடாதீர்கள். பட்டியலில் உள்ள இன்னொரு பிரஷர் மாத்திரையான அட்டெனலாலைத் திடீரென்று விட்டால் இதயம் படபடத்து நெஞ்சுவலியே வரலாம். சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்ட டெக்ஸாமெத்தசோனைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு துவண்டுவிடும். வலிப்பு மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் படிப்படியாகத்தான். மார்ஃபின் இருக்கும் வரை சென்னாவும் இருக்க வேண்டும். மலச்சிக்கல் மாத்திரைதானே என்று அதை வெட்டிவிட்டு அவஸ்தைப்பட்ட வீடுகள் பல. எனக்கு எரிச்சல் தரும் விஷயமும் இதுதான்: இங்கே பல வீடுகளில் குடும்பமே தன்னிச்சையாக முதலில் குறைப்பது மார்ஃபினை. “பழகிப்போயிடும்”, “சீக்கிரம் கொண்டுபோயிடும்” என்ற பயம். கொலஸ்ட்ரால் மாத்திரை மட்டும் ஒரு நாள் தவறாமல் உள்ளே போகும். வலிக்குத் தக்கபடி அளந்து கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. எதைக் குறைப்பது என்று உட்கார்ந்து பேசும்போது எதைக் குறைக்கக் கூடாது என்பதையும் அம்மா காதுபடச் சொல்லுங்கள்.

உங்கள் பட்டியலில் எனக்குக் கவலை தருவது டாக்டர் தொடாமல் விட்ட ஒன்று. கிளிக்லசைடு. சுகர் மாத்திரைகளில் அது உடம்பிலிருந்து இன்சுலினை விரட்டி வெளியே கொண்டுவரும் ரகம். நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். இப்போது டெக்ஸாமெத்தசோன் சுகரை ஏற்றிக்கொண்டிருப்பதால் கணக்கு சரியாக இருக்கலாம், டாக்டர் அதனால்தான் விட்டிருப்பார். ஆனால் டெக்ஸாமெத்தசோனைக் குறைக்கும் நாளிலோ, அம்மா ரெண்டு வாய்க்கு மேல் சாப்பிடாத நாளிலோ சுகர் சரசரவென்று இறங்கிவிடும். இறங்கினால் வியர்வை, குழப்பம், மயக்கம். அதைப் பார்த்து ‘நோய் முற்றிவிட்டது’ என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். புரட்டாசியில் விரதமிருந்தபடியே காலை மாத்திரையைப் போட்டுவிட்டு மயங்கிய ஆயாக்களைப் பார்த்தவள் நான். இந்தக் கட்டத்தில் சுகர் 6க்கும் 15க்கும் (mmol/L) நடுவில் இருந்தால் போதும் என்பது பிரிட்டனில் பின்பற்றும் வழிகாட்டல். நம் மீட்டரிலும் அதே அலகுதான். பழைய கண்டிப்பு இனி தேவையில்லை. டெக்ஸாமெத்தசோன் அளவு மாறினால் கிளிக்லசைடை என்ன செய்வது என்று குழுவுக்கு நாளைக்கே போன் போட்டுக் கேட்டு, பதிலை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்.

சரி, இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மருந்தைக் குறைப்பது பற்றி நோயாளிகளையே கேட்டுச் செய்த ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்களிடம் கேட்டதில், டாக்டர் முடியும் என்று சொன்னால் ஒரு மாத்திரையையாவது விடத் தயார் என்று 92 சதவீதம் பேர் சொன்னார்கள். 2018இல் வெளியானது. மற்ற நாடுகளிலும் எண்கள் இதை ஒட்டியே வருகின்றன. இதைப் படித்துவிட்டு நோயாளிகள் எல்லாரும் மாத்திரையை விடக் காத்திருக்கிறார்கள் என்று நினைக்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது முழு நம்பிக்கை தருவதில்லை. ‘ஒரு மாத்திரையை விடுவீர்களா’ என்றால் யாரும் சரி என்பார்கள். ‘இந்த மாத்திரையை விடுவீர்களா’ என்று கையில் எடுத்துக் காட்டினால்தான் முகம் மாறும். நான் சொன்ன ஸ்டாடின் சோதனையிலேயே பங்கெடுத்தவர்களின் மனநிலையையும் கேட்டிருந்தார்கள். டாக்டர் தன்னைக் கைவிடுகிறார் என்று அஞ்சியவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் இத்தனை நாள் செலவழித்த பணமும் பட்ட பாடும் வீண்தானா என்று நினைத்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இவர்கள், நிறுத்தினாலும் பரவாயில்லை என்று சோதனைக்குச் சம்மதித்துச் சேர்ந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. சம்மதிக்காதவர்களின் மனசு அந்த எண்ணில் இல்லை.

அந்த இரண்டாவது எண்தான் டர்பனில் எனக்குக் கண்ணெதிரே தெரிவது. உங்கள் அம்மாவின் தலைமுறை, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் வீடு வாசலை விட்டு சாட்ஸ்வொர்த்துக்கு வந்த தலைமுறை. ‘க்ரானிக்’ என்று இங்கே எல்லாரும் சொல்லும் மாதாந்திர மருந்துக்காக விடிவதற்கு முன்னால் பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் மருந்துக்கடைகள் சூறையாடப்பட்டபோது, கையில் எத்தனை நாளைக்கு மாத்திரை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துப் பயந்தவர்கள். அவர்களுக்கு மாத்திரை என்பது கிடைத்தற்கரிய ஒன்று. அதைத் திருப்பி எடுப்பது யாராக இருந்தாலும், என்ன காரணம் சொன்னாலும், ரேஷனை வெட்டுவது போலத்தான் கேட்கும்.

இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். ஹாஸ்பிஸ் வேலைக்கு வந்த புதிதில் துணித் தொழிற்சாலையில் தையல் மிஷினில் முப்பது வருஷம் இருந்த ஒரு அம்மா. டாக்டரோடு பேசி முடிவு செய்து, சிவப்புப் பேனாவால் ஆறு மாத்திரைகளை ஒரே மூச்சில் அடித்தேன். கணக்கு எல்லாம் சரி. அவரும் தலையை ஆட்டினார். மூன்று வாரம் கழித்து அவர் மகள் சொன்னாள், அம்மா பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பி, பென்ஷன் காசில் கெமிஸ்ட்டிடம் பழைய சீட்டைக் காட்டி அந்த மாத்திரைகளை வாங்கி, தலையணை உறைக்குள் வைத்திருக்கிறார் என்று. போய் உட்கார்ந்து கேட்டேன். “இருபது வருஷம் காத்துக் கிடந்து வாங்கின மாத்திரை கண்ணு. நீ ஒரு கோட்டுல அடிச்சிட்டே” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் சிவப்புப் பேனா எடுத்துக்கொண்டு போவதில்லை.

இப்போது செய்வது இப்படி. இங்கே எந்த வீட்டிலும் மாத்திரைகள் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில்தான் இருக்கும், உங்கள் வீட்டிலும் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அதை மேஜையில் கொட்டச் சொல்வேன். ஒவ்வொன்றாக எடுத்து, இது எப்ப ஆரம்பிச்சது, யார் கொடுத்தாங்க, போட்டா என்ன செய்யுது என்று நோயாளியையே கேட்பேன். பாதி நேரம் கதைதான். “இது உங்க மாமாவுக்கு அட்டாக் வந்த வருஷம் கொடுத்தது” என்பார்கள். அந்த மாத்திரை ஏன் புனிதமாக இருக்கிறது என்று அப்போது புரியும். எல்லாம் முடிந்ததும், இதுல உங்களுக்குப் பிடிக்காதது எது என்று கேட்பேன். எப்போதும் ஒன்று இருக்கும். பெரும்பாலும் தொண்டையில் சிக்கும் பெரிய சுகர் மாத்திரை மெட்ஃபார்மின், அல்லது கால் வீங்க வைக்கும் ஏதோ ஒன்று. முடியுமென்றால் அதிலிருந்து தொடங்குவோம், அதுவும் ஒன்றோ இரண்டோ மட்டும். இரண்டு வாரம் பார்ப்போம், உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் திரும்ப ஆரம்பிக்கலாம் என்றும் சொல்லிவிடுவேன். அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் முகம் தெளியும். மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீட்டில் ஒருமுறை எடுத்துவிட்டால் திரும்ப வராது என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. சீட்டு எழுதினால் திரும்பக் கேட்டுப் பெறலாம்.

டப்பாவில் இருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. வார்விக் சந்தையில் வாங்கிய வேர், சோர்சாப் (முள் சீத்தா) இலை, மஞ்சள் கேப்சூல், யாரோ உறவினர் கொடுத்த கஞ்சா எண்ணெய் என்று அலமாரியில் வேறு ஒரு மருந்தகம் இருக்கும். 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றம் பெரியவர்கள் வீட்டுக்குள் கஞ்சா வைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன பிறகு இது இன்னும் வெளிப்படை. கோபித்துக்கொள்ள நான் யார்? ஆனால் அந்த எண்ணெய் மார்ஃபினின் தூக்கத்தைக் கூட்டும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்றவற்றின் வேகத்தையும் மாற்றும். அதையும் மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இனி அந்தக் கடைசி வரி. அம்மாவிடம் நோயைச் சொல்லவில்லை என்கிறீர்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை ஏன் வேண்டாம் என்பதற்கான நேர்மையான பதிலுக்குள்ளேயே மற்ற விஷயமும் இருக்கிறது. அது வருஷக்கணக்கில் தள்ளி வருவதைத் தடுப்பது, அந்த வருஷங்கள் நம்மிடம் இல்லை. இதைச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் எடுத்தால், உங்கள் அம்மா மாதிரி கூர்மையான ஒருவர் மீதியைத் தானே நிரப்பிக்கொள்வார். நிரப்பியும்விட்டார், அதனால்தான் சாப்பிடவில்லை. இங்கே பிறந்த பெரியவர்களுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், டாக்டர் சொன்ன ‘ஸ்டாப்’ புரியாமல் இல்லை. ஆனால் பயப்படும்போது அவர்களுக்குத் தமிழ்தான் வருகிறது. அந்தக் கேள்வியை உங்களிடம் தமிழில்தானே கேட்டார்?

தன் உடல்நிலையைத் தனக்குப் புரியும் மொழியில் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை என்று தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரச் சட்டம் சொல்கிறது. சொன்னால் அவருக்கே தீங்கு என்பதற்கு வலுவான காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. சட்டத்தை வைத்து உங்களை மிரட்டவில்லை. என் மாமியாருக்கு நாங்களும் நான்கு மாதம் சொல்லாமல் இருந்தவர்கள்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டும் என்பதில்லை. “உங்க உடம்பு இப்ப எப்படி இருக்குன்னு உங்களுக்குத் தோணுதும்மா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். அவர் எவ்வளவு தூரம் போகிறாரோ அவ்வளவு தூரம் கூடப் போங்கள். நிறையப் பேர் நமக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் எனக்குத் தெரிய வேண்டாம், பிள்ளைகளிடம் சொல்லுங்கள் என்பார்கள், அதுவும் அவர்கள் முடிவு. அப்படிச் சொன்னால் மாத்திரைப் பேச்சை வேறு வழியில் எடுக்கலாம்: இவை உங்களுக்குப் பசியைக் கெடுக்கின்றன, இவை தலை சுற்ற வைக்கின்றன. அவை உண்மையும்கூட. “மாத்திரை வேலையை முடிச்சிடுச்சு” என்று சொல்லும் நர்ஸ்கள் உண்டு. கேட்க இதமாக இருக்கும், எனக்கு அது ஒட்டுவதில்லை. முடித்திருந்தால் போன மாதம் ஏன் கொடுத்தீர்கள் என்று உங்கள் அம்மா கேட்பார்.

எல்லாமே இவ்வளவு தெளிவாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை எப்போது விடுவது என்பதில் அனுபவசாலிகளே இரண்டு பக்கம் நிற்கிறார்கள். உறைந்தாலும் துன்பம், கசிந்தாலும் துன்பம். நல்லவேளையாக உங்கள் பட்டியலில் அது இல்லை. இன்னும் எவ்வளவு நாள் என்ற மதிப்பீடும் எப்போதும் உத்தேசம்தான், டாக்டர்கள் பெரும்பாலும் கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நான் மேலே சொன்ன ஆய்வு எண்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. மாத்திரைக்காக வரிசையில் நின்ற நம் அம்மாக்களுக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பதில் என் சந்தேகத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. அலென்ட்ரோனேட்டும் ஸ்டாடினும் முதலில் போகட்டும், ஆஸ்பிரின் அந்த ஸ்டென்ட் கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகு. மல்டிவைட்டமினை மட்டும் விடமாட்டேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தால் விட்டுவிடுங்கள், இருந்துவிட்டுப் போகட்டும். டாக்டரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். விழுங்க முடிகிற வரைக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. நிறுத்திய மாத்திரைகளை உடனே அவர் கண்முன்னால் குப்பையில் கொட்டாதீர்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, டப்பாவின் அடியிலேயே கொஞ்ச நாள் வைத்திருங்கள். அப்புறம் அவரே “இதெல்லாம் எதுக்கு இங்க கிடக்கு?” என்று கேட்கும் நாளில் கெமிஸ்ட்டிடம் திருப்பிக் கொடுத்தால் போதும்.